கன்னி மூலையில் ஒரு தண்ணீர்த் தொட்டி

இப்போதெல்லாம் தெருவுக்குத் தெரு மொட்டை மாடிகளில் இரும்புக் கால்கள் முளைத்திருக்கின்றன. தென்காசியிலிருந்து கடையம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் எனக்குப் பொழுது போவது அவற்றைத் திட்டுவதில்தான். வீடு கட்டி, பால் காய்ச்சி, குடியேறிப் பல வருஷம் ஆன பிறகு ஒருநாள் ஞானோதயம் வந்து சோலார் தகடு வாங்குகிறார்கள். மாடியில் எங்கே காலி இடம் இருக்கிறதோ அங்கே நாலு காலை நட்டு ஏற்றிவிடுகிறார்கள். கல்யாணம் முடிந்து பிள்ளையும் பெற்ற பிறகு ஜாதகம் பார்க்கிற கதைதான். தகட்டின் மேல் பக்கத்து வீட்டுத் தென்னை நிழல் விழும். தென்னை இல்லையென்றால் சொந்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும். கேட்டால், "சோலாரெல்லாம் ஏமாத்து வேலை மேடம்" என்று என்னிடமே சொல்வார்கள்.

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் இப்போது கம்ப்யூட்டரே நிழல் போட்டுக் காட்டிவிடுகிறதாம். வருஷம் முழுக்க எந்தச் சுவரின் நிழல் எங்கே விழும் என்று டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுமாம். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் போன வாரம் போனில் கேட்டாள்: "மேடம், நீங்க மனையில டிரம்மக் கட்டித் தொங்கவிட்டு நிழல் பாத்தீங்களாமே, நெசமாவா?"

நிஜம்தான் தாயே. அதற்குப் போலீஸ் வந்ததும் நிஜம்தான். நாலு பேர் நாலு விதமாகச் சொல்வதற்குப் பதில் நானே எழுதிவிடுகிறேன்.

பாலிடெக்னிக்கில் சிவில் படித்தேன். டிரேசிங் பேப்பரில் மையைக் கொட்டித் திட்டு வாங்கினேன். பிறகு கம்ப்யூட்டரில் கோடு போடப் பழகி, அதிலும் திட்டு வாங்கினேன். என் பயிற்சிக் காலம் இவ்வளவுதான். பதவியின் பெயர் டிராப்ட்ஸ்மேன். பெண் பிள்ளை அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் பலகையில் என்ன எழுதுவது என்று கடைசி வரை யாரும் யோசிக்கவில்லை. ஓய்வு பெற்ற அன்று கொடுத்த கேடயத்திலும் கோமதி என்ற என் பெயருக்குப் பக்கத்தில் 'மேன்' என்றுதான் இருக்கிறது. துடைத்து ஷோகேஸில் வைத்திருக்கிறேன்.

எங்கள் ஆர்க்கிடெக்ட் வேலாயுதம் சார் தென்காசிப் பெரிய கோவில் பக்கத்தில் பழைய பண்ணை வீட்டுக்காரர். வயல் போய்விட்டது, வீம்பு மட்டும் போகவில்லை. வீடு கட்ட வருகிறவர்களிடம் 'முடியாது' என்று ஒருநாளும் சொல்ல மாட்டார். 'பார்ப்போம்' என்றால் நடக்காது என்று அர்த்தம். 'செய்யலாம்' என்றால் நடந்தாலும் நடக்கும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்தால் நாங்கள் எல்லாரும் வாயை மூடிக்கொள்வோம். ஒன்று கோபம் வருகிறது, இல்லையென்றால் யோசனை வருகிறது. இரண்டில் எது என்று கண்ணாடியைத் திரும்ப மாட்டும் வரை தெரியாது.

புது மனைக்குப் போனால் ஊரில் எல்லா இன்ஜினியரும் முதலில் டேப்பைப் பிடிப்பார்கள். சார் ஜமுக்காளத்தை விரித்து, நடு மனையில் மல்லாந்து படுப்பார். படுத்தபடியே வானத்தின் ஓரங்களை ஒப்பிப்பார்: "கோமதி, எழுதிக்கோ. கிழக்க ஒண்ணும் இல்ல. தெற்க ரெண்டு மாடி வீடு. மேற்க மலை." எந்தப் பக்கம் எவ்வளவு வானம் கிடைக்கிறது என்று தெரிந்த பிறகுதான் தரையை அளப்போம். இலஞ்சிப் பக்கம் ஒரு மனையில் வழியே போன ஒருவர், வெயிலில் யாரோ விழுந்துகிடக்கிறார் என்று பயந்து கோலி சோடாவை உடைத்து முகத்தில் தெளித்துவிட்டார். சார் எழுந்து, மீதிச் சோடாவைக் குடித்துவிட்டு, நன்றி சொல்லி, மறுபடி படுத்தார்.

சோலார் எங்கள் அலுவலகத்துக்குள் வந்தது குற்றாலத்து லாட்ஜ் ஒன்றின் வழியாக. லாட்ஜ் முதலாளிக்குக் கூரையே தகடாக இருக்க வேண்டும். ஓடு வேண்டாம், தகரம் வேண்டாம், தகடுகளையே சரிவாக வரிசைப்படுத்திக் கூரையாக்கித் தாருங்கள் என்றார். செய்து கொடுத்தோம். அவர் எங்களை ஒரு வார்த்தை கேட்காமல், 'ஊரில் கரண்ட் போனாலும் எங்கள் லாட்ஜில் போகாது' என்று நோட்டீஸ் அடித்துச் சீசனுக்கு வந்தவர்களிடமெல்லாம் கொடுத்துவிட்டார். திறப்பு விழாவில் ரிப்பனை வெட்டிக் கைதட்டிக்கொண்டிருக்கும்போது ஊரில் கரண்ட் போனது. லாட்ஜிலும் போனது.

"வெயில் அடிக்கி, தகடு இருக்கு, கரண்ட் எங்கன போச்சு சார்?" என்று மைக் இல்லாமலே மைக்கில் பேசுகிற மாதிரிக் கேட்டார் முதலாளி.

சார் பொறுமையாகச் சொன்னார். பேட்டரி வைக்காத சோலார், லைனில் கரண்ட் இருந்தால்தான் வேலை செய்யும். லைன்மேன் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும்போது நம் வீட்டுக் கரண்ட் போய் அவரை அடித்துவிடக் கூடாது. அதனால் ஊரில் போனால் அதுவும் தானாக நின்றுகொள்ளும்.

முதலாளி கொஞ்சம் யோசித்தார். "அப்போ இது வீட்டோட மாப்பிள்ளைல்லா! மாமனாரு இலையில உக்காந்தாத்தான் இவரும் உக்காருவாரு."

இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பிற்பாடு வந்தவர்களுக்கெல்லாம் இதையே சொல்லிப் பிழைத்தேன். அந்த லாட்ஜில் குரங்குகள் காலை நேரத்தில் தகட்டின் உச்சியில் ஏறிச் சறுக்கி விளையாடின. தங்க வந்த குடும்பங்கள் அருவிக்குப் போகாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தன. குரங்கு கைக்கு எட்டும்படி ஒரு ஒயரும் இருக்கக் கூடாது என்பதை நாங்கள் அங்கேதான் கற்றுக்கொண்டோம்.

இனி பேச்சிமுத்து அண்ணாச்சி கதைக்கு வருகிறேன். அவர் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உடுப்பு மட்டும்தான், ஆள் இல்லை. அச்சன்புதூரில் மனை வாங்கி வீடு கட்ட எங்களிடம் வந்தார். மகன் ராணுவத்தில் இருந்தான். மருமகள் இசக்கியம்மாள், இசக்கி என்று கூப்பிடுவார்கள். தென்காசியில் ஒரு வாடகை அறையில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் போட்டு, கல்யாண ரவிக்கைகளுக்குப் பூ வேலை செய்துகொண்டிருந்தாள். நல்ல பெயர் எடுத்திருந்தாள். அந்த அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மெஷினைப் புது வீட்டு மாடிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. அதை விற்றுவிட்டு அடுப்படியைப் பார்க்க வேண்டும் என்பது மாமனார் ஆசை.

மகன் எல்லையில் இருந்து போனில் கெஞ்சிக் கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. எங்கள் அலுவலகத்தில் வைத்தே அண்ணாச்சி அதை அறிவித்தார்.

"இந்தா பாருங்க சார். அவன் சோலார் சோலார்ங்கான். போடுங்க. தகட்டுல வார கரண்ட்ல மெஷின் ஓடணும். ஒரு ஆனி, ஆடிச் சாரல் காத்தத் தகடு தாங்கணும். தாங்குச்சுன்னா மெஷின் மாடியில இருக்கட்டும். பறந்துச்சுன்னா மறுநாளே மெஷின வித்துரணும். என்னட்டி, சம்மதமா?"

"சம்மதம் மாமா" என்றாள் இசக்கி. அதைச் சொல்லும்போது அவள் மாமாவைப் பார்க்கவில்லை. மேஜை மேல் கிடந்த எங்கள் வரைபடத்தைப் பார்த்தாள். ஒரு பெண்ணின் தொழிலை மலையிலிருந்து வரும் காற்றிடம் அடகு வைத்துவிட்டு, டீ சொல்லட்டுமா என்று கேட்கிறார் மனுஷன்.

சார் நல்ல வரைபடம்தான் போட்டிருந்தார். மாடியில் மேற்குப் பாதியில் மெஷின் அறை. அதன் மேல் வீட்டோடு வீடாகத் தகட்டுக் கூரை. புத்தகத்தில் சொன்னபடி தகடுகள் தெற்கைப் பார்த்தன. தெற்கைப் பார்க்க வேண்டுமென்றால் வடக்கு ஓரம் உயரமாகவும் தெற்கு ஓரம் தாழ்வாகவும் இருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியை நிழல் விழாத வடக்கு மூலைக்குத் தள்ளியிருந்தார்.

இரண்டாம் நாள் அண்ணாச்சி, பண்பொழியிலிருந்து வாஸ்துக்காரர் கைலாசத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். கைலாசம் வரைபடத்தைப் பார்த்தார். பாம்பைப் பார்த்தவர் மாதிரி நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"தென்மேற்கு கன்னி மூலைல்லா? அதுதான் வீட்டுலயே உசரமா, கனமா இருக்கணும். டேங்க் அங்கனதான் வரணும். நீங்க வடக்க உசத்தி, கன்னி மூலையப் பள்ளமாக்கி வச்சிருக்கிய. வடக்கு உசந்தா அந்த வீட்டுல பொம்பள ராஜ்யம்தான்."

"அப்போ வடக்கையே உசத்திருங்க சார்" என்றாள் இசக்கி.

நான் சிரிப்பை அடக்கப் பேப்பருக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டேன். அண்ணாச்சி சிரிக்கவில்லை. தொட்டி கன்னி மூலையில் வந்தால்தான் அஸ்திவாரம் தோண்டுவேன் என்று எழுந்துவிட்டார். தொட்டி அங்கே வந்தால் மத்தியானத்துக்கு மேல் நிழல் தகட்டின் மேல் விழும். வரிசையில் ஒரு தகடு நிழலில் படுத்தாலும் மொத்த வரிசையும் சோர்ந்துவிடும். வண்டியில் ஒரு மாடு படுத்துக்கொண்டால் மற்றது மட்டும் எங்கே இழுக்கும்? மெஷின் ஓடாது. சாரலே தேவையில்லை, இசக்கி அதற்கு முன்பே தோற்றுவிடுவாள்.

"பார்ப்போம் அண்ணாச்சி" என்றார் சார். அவர் 'பார்ப்போம்' என்றால் என்ன அர்த்தம் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

பங்குனி வெயிலில் நாங்கள் மனைக்குப் போனோம். நிழல் எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் விழும் என்பதைக் கண்ணால் காட்டினால் அண்ணாச்சி இறங்கி வருவார் என்பது சாரின் கணக்கு. கன்னி மூலையில் சாரம் கட்டுகிற கம்புகளை நட்டு, அதன் உச்சியில் தொட்டிக்குப் பதிலாக ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டிரம்மைக் கட்டினோம். தகடு வரப்போகும் இடத்தைத் தரையில் கயிறு கட்டி அடைத்தோம். டிரம்மின் நிழல் நகர நகர, அதன் ஓரத்தைச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டே வர வேண்டும். அந்த வேலை எனக்கு. சார் வழக்கம்போல நடுவில் மல்லாந்து படுத்துவிட்டார்.

கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். வெற்று மனை. உயரமான கம்பில் கறுப்பாக ஏதோ தொங்குகிறது. தரையில் வெள்ளைக் கோடுகள். நடுவில் ஒரு ஆள் அசையாமல் கிடக்கிறார். ஒரு பொம்பளை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அவரைச் சுற்றிச் சுற்றிப் பொடி தூவுகிறாள். எதிர்வீட்டு அம்மா கதவைச் சாத்தினாள். பிறகு போனை எடுத்திருக்கிறாள்.

நாலு மணி வாக்கில் புல்லட் சத்தம் கேட்டது. அண்ணாச்சி லத்திக் கம்போடு இறங்கினார். எதற்கும் இருக்கட்டும் என்று பின்னால் உள்ளூர் ஸ்டேஷன் ஏட்டு ஒருவரையும் ஏற்றி வந்திருந்தார்.

"எவம்லே அது, எம் மனையில செய்வினை வைக்கது?"

சார் எழுந்து உட்கார்ந்து முதுகைத் தட்டிவிட்டார். "நாந்தான் அண்ணாச்சி. வாங்க, ஜமுக்காளத்துல உக்காருங்க."

ஏட்டு சிரித்துவிட்டார். அண்ணாச்சிக்கு அது இன்னும் எரிச்சல். கூட்டம் வேறு கூடிவிட்டது. சும்மா திரும்பிப் போனால் மரியாதை இல்லை என்று, கொலை நடந்த இடத்தைப் பார்க்கிற மாதிரி லத்தியை நீட்டி விசாரணையை ஆரம்பித்தார்.

"இது என்ன கோடு?"

"உச்சி சாய்ஞ்சதும் டேங்க் நிழல் வந்த இடம்."

"இது?"

"அதுக்கப்புறம். பாத்தியளா, தகட்டுக்குள்ள வந்துட்டு."

"சரி. சாயங்காலக் கோடு எங்க?"

நான் சுண்ணாம்புச் சட்டியோடு நின்றேன். சாயங்காலக் கோடு இல்லை. கடைசிக் கோடு போட்ட கொஞ்ச நேரத்திலேயே மலைமேல் மேகம் ஏறி வெயிலை மூடிவிட்டது. நிழல் இருந்தால்தானே கோடு போட?

"வெயில் போயிட்டு அண்ணாச்சி. மலையில மேகம்" என்றேன்.

"சாட்சியே இல்லாம என்ன கேஸு நடத்துதிய? நேத்தும் இப்படித்தான் மூடிச்சு. முந்தாநாளும் மூடிச்சு. இங்கன வெயிலு காலைல டூட்டி பாத்துட்டு மத்தியானம் லீவு போட்டுரும். இது கூடத் தெரியாம பிளான் போட வந்துட்டிய!"

அவர் எங்களை மட்டம் தட்டத்தான் சொன்னார். ஆனால் சார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்தார். நான் இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டேன். ரொம்ப நேரம் துடைத்தார். மாட்டிக்கொண்டு மேற்கே மலையைப் பார்த்தார், பிறகு கிழக்கே வயல்வெளியைப் பார்த்தார்.

"கோமதி, நம்ம புத்தகத்தை எழுதினவன் ஊருல மலையே கிடையாது போலிருக்கு" என்றார்.

அப்புறம் சம்பளக்காரிக்குச் சொல்கிற மாதிரி இல்லாமல், ருசியான சங்கதியைப் பகிர்ந்துகொள்கிறவர் மாதிரிச் சொன்னார். இந்த ஊரில் சூரியன் சம்பாதித்துக் கொடுப்பது காலையில். மத்தியானத்துக்கு மேல் மேகம், அதற்குப் பிறகு மலை. அப்படியானால் தகடு எதற்குத் தெற்கைப் பார்க்க வேண்டும்? கிழக்கைப் பார்க்கட்டும். கிழக்கே தாழ்ந்து மேற்கே உயர்ந்த ஒற்றைச் சரிவு. நம் ஊரில் சூரியன் உச்சி வழியே போவதால், சரிவைக் குறைவாக வைத்தால் பெரிய நஷ்டம் இல்லை. தொட்டியை அண்ணாச்சி கேட்ட கன்னி மூலையிலேயே வைக்கலாம், ஆனால் கூரைக்கு மேலே இல்லை. உயர்ந்த மேற்கு ஓரத்துக்கு அடியில், மெஷின் அறையின் தளத்தில். கூரைக்கு அடியில் இருக்கிற தொட்டி எங்கே நிழல் போடும்?

"செய்யலாம்" என்றார் சார். எனக்கு டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் கைலாசம் வந்து புது வரைபடத்தைத் தலைகீழாகக் கூடத் திருப்பிப் பார்த்தார். மேற்கு உயரம், கிழக்குத் தாழ்வு, கன்னி மூலையில் கனம். குற்றம் கண்டுபிடிக்காவிட்டால் தட்சிணைக்கு மதிப்பு இல்லை அல்லவா?

"வாயு மூலையும் கன்னி மூலையும் ஒரே மட்டமா இருக்கே சார். கன்னி மூலை ஒரு பிடியாவது கூட இருக்கணும்."

"ஒரு செங்கல் கூட்டுதேன்."

"ஒண்ணரையா வையுங்க."

"அரைச் செங்கல் வச்சா கொத்தனார் திட்டுவாரு. ரெண்டா வச்சிருதேன், போங்க."

வடமேற்கைவிடத் தென்மேற்கு இரண்டு செங்கல் உயர்ந்து அந்தக் கூரை இன்றும் லேசாக ஒரு பக்கம் தலையைச் சாய்த்தபடி நிற்கிறது. ஊரில் அதைப் புது டிசைன் என்று போட்டோ எடுக்கிறார்கள்.

பாக்கி இருந்தது காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் சாரல் காற்று நேராக மேற்கிலிருந்து அடிக்கும். நாங்களோ மேற்கு ஓரத்தையே தூக்கி வைத்திருக்கிறோம். அடியில் காற்று புகுந்தால் குடையைப் புரட்டுகிற மாதிரிப் புரட்டிவிடும். சார் மேற்கு ஓரம் முழுக்கச் சுவர் எழுப்பிக் காற்று நுழையும் வாயை அடைத்தார். தூண் கம்பிகளிலேயே போல்ட்டைச் சேர்த்துக் கான்கிரீட் போட வைத்தார். ஒவ்வொரு போல்ட்டையும் என்னை முறுக்கிப் பார்க்கச் சொல்லி, பிறகு நம்பாமல் தானும் முறுக்கிப் பார்த்தார். அண்ணாச்சியிடம் மட்டும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "சாரல் சமயத்துல டேங்க் எப்பவும் நிறைஞ்சிருக்கணும் அண்ணாச்சி. அந்தக் கனம்தான் கூரையப் பிடிச்சு வைக்கும். உங்க பொறுப்பு" என்றார். உண்மையில் போல்ட்டே போதும். மனுஷனுக்கு ஒரு டூட்டி கொடுத்தால் மருமகள் நிம்மதியாக இருப்பாள் என்றார் என்னிடம்.

பால் காய்ச்சின அன்று அண்ணாச்சி வந்தவர்களையெல்லாம் மாடிக்குக் கூட்டிப் போய், "கன்னி மூலைய விட்டுக்குடுக்கல பாத்தியளா? அதான் கரண்ட் பிச்சுக்கிட்டு வருது" என்று காட்டினார். அதைக் கேட்டு அந்தத் தெருவில் கன்னி மூலைத் தொட்டியை இன்னும் உயர்த்தி, அதன் நிழலிலேயே தகடு போட்டவர்கள் உண்டு. கைலாசம் பாயசத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி, "மேடம், எங்க வீட்டு மாடியிலயும் போடணும். டேங்க மட்டும் கன்னி மூலையில இருந்து நகட்டிரலாமா? நெழல் விழும்லா" என்றார். பாயசம் எனக்குப் புரை ஏறிவிட்டது.

அடுத்த வருஷத்து ஆனி பிறந்தது. குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தது. ஊரே சந்தோஷமாகச் சாரலுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது நான் மட்டும் காற்று ஒவ்வொரு முறை உறுமும்போதும் அச்சன்புதூரை நினைத்துக்கொண்டிருந்தேன். தென்னை மட்டைகள் ரோட்டில் பறந்த ஒரு நாள் அண்ணாச்சி போன் செய்தார். "சார், மேல என்னமோ சத்தம் கேக்கு. உடனே வாங்க."

சாரும் நானும் போய் இறங்கினபோது தெருவில் இரண்டு வீட்டுத் தகரக் கொட்டகை காணாமல் போயிருந்தது. அண்ணாச்சி மாடிப்படிக்குக் கீழே நனைந்த பனியனோடு நின்று காதை மேலே தூக்கிக்கொண்டிருந்தார். தொட்டி நிறைந்திருக்கிறதா என்று காலையிலிருந்து ஏறி இறங்கி அவருக்கு மூச்சு வாங்கியது. மேலே ஒரே டகடக சத்தம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பண்பொழித் திருமலைக் குமரனை வேண்டிக்கொண்டேன்.

"ஏட்டி இசக்கி! அந்த மெஷின நிறுத்து! கூரை ஆடுதா இல்லையான்னு கேக்கணும்லா!" என்று அண்ணாச்சி மேலே பார்த்துக் கத்தினார்.

டகடக சத்தம் நிற்கவில்லை. நான் ஏறிப் போனேன். அதிசயமாக அன்று ஊரில் கரண்ட் போகவில்லை. மெஷின் அறையில் ஜன்னல் சாத்தியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மேற்குச் சுவரில் காற்று வந்து முட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. தளத்துக்கு மேலே தகடுகள் சாரலில் நனைந்தபடி கிடந்தன. ஒரு போல்ட் முனகவில்லை. இசக்கி ஒரு மணப்பெண்ணின் ரவிக்கைக் கையை ஊசிக்கு அடியில் விட்டு, அதில் தைத்துக்கொண்டிருந்த மயிலின் கழுத்துக்கு வந்திருந்தாள்.

"மாமா மெஷின நிறுத்தச் சொல்லுதாவ" என்றேன்.

"கேட்டுச்சு மேடம்" என்றாள்.

சொல்லிவிட்டு, மெஷினின் வேகத்தை ஒரு புள்ளி கூட்டினாள்.